நீர் நிரப்பிய கட்டுமானங்கள்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

வாழையும் மண்புழுவும் தண்ணீரின் பலத்தில் நிற்கின்றனவே, வீட்டையும் அப்படி நிறுத்த முடியாதா? பொறியியல் மாணவர்களும் இதைக் கேட்கிறார்கள், அஸ்திவாரம் தோண்டிவிட்டுச் செலவைக் குறைக்க வழி தேடுபவர்களும் கேட்கிறார்கள். பலருக்கும் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். கணக்குகள் எல்லாம் தோராயமானவை. விஷயத்தைப் புரிந்துகொள்ளப் போதும். இவற்றை வைத்துக்கொண்டு கம்பி வாங்கப் போகாதீர்கள்.

கட்டடத்தில் தண்ணீர் என்ன வேலை செய்ய முடியும்?

நான்கு வேலைகள். பாரம் தாங்கலாம், சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆட்டத்தை அடக்கலாம், வெறும் எடையாக இருந்து ஒரு பொருளை அசையாமல் அழுத்திப் பிடிக்கலாம். இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வீண் பேச்சு எழுகிறது. முதல் வேலை பெயருக்குத்தான் கவர்ச்சி. நம் ஊரில் உருப்படியாகப் பயன்படுவது நான்காவது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இயற்கையில் தண்ணீர் எப்படித் தாங்குகிறது?

பாகூர்ப் பக்கம் எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும் வாழைப்பட்டை ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்பக்கம் மெல்லிய தோல், வெளிப்பக்கம் தடித்த தோல், இரண்டுக்கும் நடுவே வரிசையாகக் காற்றறைகள், அறைக்கு அறை காகிதம் போன்ற தடுப்புகள். பூக்கடைக்காரர் கிழித்தெடுக்கும் நார் பெரும்பாலும் வெளித்தோலை ஒட்டியே ஓடுகிறது. மரக்கட்டை என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். இத்தகைய பட்டைகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றிக்கொண்டு ஆள் உயரத்தைத் தாண்டி எழுந்து, அதற்கு மேல் ஒரு தாரையும் சுமக்கின்றன.

அதைச் செய்வது செல்லுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம். பள்ளிப் பாடத்தில் விறைப்பழுத்தம் என்று படித்திருப்போம். செல்லுக்குள் உப்பும் சர்க்கரையும் இருப்பதால் வெளியே உள்ள நீர் உள்ளே நுழையப் பார்க்கிறது. செல்சுவர் விரிந்து, ஓர் அளவுக்கு மேல் விடமாட்டேன் என்று நிற்கிறது. அந்த இழுபறியில் செல்லுக்குள் வழக்கமாக வளிமண்டல அழுத்தத்தைப்போல் 5 முதல் 10 மடங்கு வரை அழுத்தம் உண்டாகிறது. கார் டயரில் இருப்பது சுமார் 2 மடங்குதான்.

தொட்டாற்சுருங்கி இதே அழுத்தத்தை வைத்து அசைந்து காட்டுகிறது. இலைக்காம்பின் அடியில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். தொட்டதும் அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது, அந்தப் பக்கம் துவள்கிறது, காம்பு சாய்கிறது. சிலந்திக்குக் கால் முட்டியை மடக்கத் தசை உண்டு. நீட்டத் தசை இல்லை. உடலில் உள்ள திரவத்தை அழுத்தித்தான் காலை நீட்டுகிறது. செத்த சிலந்தி எட்டுக் கால்களையும் உள்ளே மடக்கிக்கொண்டு கிடப்பதற்குக் காரணம் இதுதான்: அழுத்தம் போய்விட்டது.

அப்படியானால் பாரம் தாங்குவது தண்ணீரா, தோலா?

இரண்டும்தான். ஆனால் பொறியாளர் கவலைப்பட வேண்டியது தோலைப் பற்றி. தண்ணீரை அழுத்திச் சுருக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் அது பக்கவாட்டில் ஓடிவிடும். ஓடவிடாமல் ஒரு தோல் இழுத்துப் பிடித்தால், மேலிருந்து வரும் பாரம் தண்ணீரில் அழுத்தமாகவும் தோலில் இழுவிசையாகவும் மாறுகிறது. மெல்லிய தகடோ துணியோ அழுத்தினால் மடிந்துவிடும், இழுத்தால் நன்றாகத் தாங்கும். மடியக்கூடிய ஒன்றை இழுவிசையில் வைத்து வேலை வாங்குவதுதான் இதன் சூட்சுமம்.

உருளைக் குழாய் ஒன்றில் அழுத்தம் ஏற்றினால் தோலில் சுற்றுவாக்கில் வரும் இழுவிசை, நீளவாக்கில் வருவதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. அதனால்தான் குழாய்கள் வெடிக்கும்போது நீளவாக்கில் பிளக்கின்றன. இயற்கைக்கு இது நன்றாகத் தெரியும். மண்புழு போன்ற மெல்லுடல் உயிர்கள் பலவற்றின் தோலில் நார்கள் எதிரெதிர் திசையில் திருகலாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. அந்தச் சுற்று உடல் அச்சோடு 54.7 டிகிரி கோணத்தில் அமைந்தால், நார்களின் இழுவை சுற்றுவாக்கில் 2, நீளவாக்கில் 1 என்று பிரிந்துகொள்ளும். அழுத்தம் ஏறினாலும் குழாய் நீளவும் செய்யாது, பருக்கவும் செய்யாது. கோணம் அதைவிடக் குறைவாக, நார் நீளவாக்கில் படுத்திருந்தால், அழுத்தும்போது குழாய் குட்டையாகிப் பருக்கும். அதிகமாக இருந்தால் நீண்டு மெலியும். நார் பின்னிய ரப்பர் ஹோஸ்களிலும் இதே கோணத்தை ஒட்டித்தான் பின்னுகிறார்கள். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த எண் இந்த 54.7. புழுவுக்கும் பொருந்துகிறது, தொழிற்சாலைக்கும் பொருந்துகிறது.

வீட்டுத் தூணுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி நிறுத்தலாமா?

கூடாது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

4 இஞ்ச் பிவிசி குழாயின் வெளி விட்டம் 110 மில்லிமீட்டர், குறுக்குப் பரப்பு சுமார் 95 சதுர செ.மீ. கடையில் கிடைக்கும் சாதாரண ரகம் ஒரு சதுர செ.மீ.க்கு 4 கிலோ அழுத்தம் தாங்கும் என்று முத்திரையிட்டு வருகிறது. அந்த அழுத்தம் முழுவதையும் ஏற்றி, இரு முனையையும் மூடி, எல்லாம் சரியாக அமைந்தாலும் தண்ணீர் தாங்குவது 380 கிலோ. நாம் சாதாரணமாகப் போடும் 9 இஞ்ச் சதுரக் கான்கிரீட் தூண், ஒரு மாடி உயரத்தில், 30 டன்னுக்கு மேல் தாங்கும். அதே 9 இஞ்ச் அளவில் வட்டக் குழாய் வைத்து 30 டன்னைத் தண்ணீரால் தாங்க வேண்டுமானால் உள்ளே ஒரு சதுர செ.மீ.க்கு 70 கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் இரும்புக் குழாயை வாங்குகிறவர், தண்ணீர் ஊற்றாமல் வெறும் குழாயையே தூணாக நிறுத்திவிட்டுப் போகலாம்.

அழுத்தம் ஏற்றாமல் சும்மா தண்ணீர் ஊற்றி வைத்தால்? தூணுக்குப் பலம் எதுவும் கூடாது, எடைதான் கூடும்.

தண்ணீருக்குப் பதில் காற்றை அடைத்தால் என்ன?

பெரிய கூடாரங்களையும் கூரைகளையும் காற்றால் நிறுத்துகிறார்கள். அது தனித் துறை. அழுத்தம் கூடக் கூட காற்று ஆபத்தானது. அது சுருங்கிக் கிடக்கிறது, தோல் கிழிந்தால் சேர்த்து வைத்த சக்தி முழுவதும் ஒரே நொடியில் வெளியே வரும். பாய்லரையும் கேஸ் சிலிண்டரையும் தண்ணீர் நிரப்பித்தான் அழுத்தச் சோதனை செய்கிறார்கள். பிளம்பர் குளியலறைக் குழாய்களைச் சோதிப்பதும் தண்ணீரை வைத்தே.

ஆனால் சுருங்காத குணமே தண்ணீருக்குப் பலவீனமாகவும் ஆகிறது. 10 மடங்கு வளிமண்டல அழுத்தம் ஏற்றினால் 1000 லிட்டர் தண்ணீர் அரை லிட்டர் அளவுக்குத்தான் சுருங்குகிறது. தலைகீழாகப் பாருங்கள்: விறைப்பான தொட்டி ஒன்றில் அந்த அரை லிட்டர் மட்டும் கசிந்துவிட்டால் அழுத்தம் முழுவதும் போய்விடும். வெயிலும் சும்மா விடாது. துளி இடமில்லாமல் மூடிய இரும்புப் பாத்திரத்தில் 30 டிகிரித் தண்ணீர் ஒரே ஒரு டிகிரி சூடேறினால், அழுத்தம் சுமார் 6 வளிமண்டலம் எகிறும். காலை 8 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் இடையே கடலூர் வெயிலில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே இப்படிப்பட்ட எந்த அமைப்புக்கும் விரிவதற்கு இடம் கொடுக்கும் ஒரு துணைத் தொட்டி கட்டாயம்.

செடி இந்த இரண்டு சிக்கலையும் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. அதன் தோல் சற்று விரிந்து கொடுக்கிறது. கசிவை அது நிறுத்துவதே இல்லை. இலை வழியாக நாளெல்லாம் நீரை விட்டுக்கொண்டே வேரால் மறுபடி நிரப்புகிறது. உச்சி வெயிலில் துவண்ட இலை மாலையில் நிமிர்வது அப்படித்தான். நாம் செடியைப் பார்த்துக் காப்பியடிக்கும்போது குழாயை எடுத்துக்கொண்டு வேரை விட்டுவிடுகிறோம். நீர்த்தூண் பற்றி மாணவர்கள் கொண்டுவரும் அழகழகான வரைபடங்களில் நான் முதலில் தேடுவது, குறைந்த நீரை நிரப்புவது யார், எப்படி என்பதைத்தான். அனேகமாக அது இருக்காது.

உண்மையிலேயே தூணுக்குள் தண்ணீர் ஊற்றிக் கட்டியிருக்கிறார்களா?

கட்டியிருக்கிறார்கள், ஆனால் பாரம் தாங்குவதற்காக இல்லை, தீக்காக. இரும்பு 550 முதல் 600 டிகிரியில் ஏறக்குறையப் பாதிப் பலத்தை இழந்துவிடும். தூணுக்குள் தண்ணீர் இருந்தால் தீயின் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். சூடான நீர் மேலே ஏற, குளிர்ந்த நீர் கீழே இறங்க, பம்ப் இல்லாமலே சுழற்சி நடக்கும். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும், அதை ஆவியாக்க மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். அவ்வளவையும் தண்ணீர் விழுங்கும்வரை இரும்பு தப்பிக்கிறது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1970இல் கட்டி முடித்த யு.எஸ். ஸ்டீல் டவர் 64 மாடி, 256 மீட்டர் உயரம். அதன் வெளிப்புற இரும்புத் தூண்களுக்குள் நீர் இருக்கிறது; பனிக்காலத்தில் உறையாமலிருக்கவும் துருப்பிடிக்காமலிருக்கவும் மருந்து கலந்த நீர். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்பதால், அடியிலிருந்து உச்சிவரை ஒரே குழாயாக விட்டால் கீழே 25 வளிமண்டலம் வந்துவிடும். அதனால் உயரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள்.

புதுச்சேரியில் பாரிஸில் சொந்தக்காரர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அங்கே போய்வந்தவர்கள் போம்பிடு மையத்தைப் பார்த்திருப்பார்கள்: 1977இல் திறந்தது, குழாயும் படிக்கட்டும் வெளியே தெரியும் கட்டடம். 2025இல் புதுப்பிப்பதற்காக மூடினார்கள். ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ராஜர்ஸும் வரைந்தது, அமைப்புப் பொறியாளர்களில் முக்கியமானவர் பீட்டர் ரைஸ். அதன் 85 செ.மீ. விட்டமுள்ள இரும்புத் தூண்களுக்குள்ளும் தீப்பாதுகாப்புக்காகத் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள். தூணைக் கான்கிரீட்டால் மூடி மறைக்காமல் இரும்பை இரும்பாகவே காட்ட முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் ஊர் இரண்டு மாடி வீடு கான்கிரீட்டில் நிற்கிறது. அதற்கு இந்தத் தீப்பாதுகாப்பு தேவையில்லை.

மொட்டை மாடியில் தண்ணீர் தேக்கினால் வீடு குளிருமா?

கத்திரி வெயில் தொடங்கியதும் அதிகம் வரும் கேள்வி. யோசனை புதியதன்று. 1950களில் இந்தியாவில் பணியாற்றிய அமெரிக்கரான ஹரால்டு ஹே, கூரைமேல் நீர்ப்பைகளைப் பரப்பி, அவற்றுக்கு மேல் நகரும் மூடிகள் வைக்கும் முறையை உருவாக்கினார். பகலில் மூடி, இரவில் திறந்து, சூட்டை வானத்துக்கு விட்டுவிடுவார்கள். 1967இல் அரிசோனாவின் பீனிக்ஸில் சோதித்தார்கள்; 1973இல் கலிபோர்னியாவின் அட்டாஸ்கடேரோவில் ஒரு வீடே கட்டினார்கள். ஹங்கேரியில் மாத்யாஷ் குட்டாய் என்ற கட்டடக் கலைஞர் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே நீரை ஓடவிட்டு வீடு கட்டிக் காட்டியிருக்கிறார்.

தண்ணீர் சூட்டைத் தேக்குவதில் கெட்டிக்காரன். ஒரே கன அளவில் கான்கிரீட்டைவிட இரண்டு மடங்கு சூட்டை அடக்கும். சிக்கல் நம் காற்றில் இருக்கிறது. அரிசோனாவில் காற்று வறண்டது, இரவு வானம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். புதுச்சேரியில் மே மாத இரவிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது கடினம். கடற்காற்றின் ஈரம் வானத்தைப் போர்வைபோல மூடிவிடுகிறது. பகல் முழுவதும் சூட்டை வாங்கிய கூரைத் தண்ணீர், நீங்கள் பாய் விரிக்கும் நேரத்தில்தான் அதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும். பகலில் மட்டும் இயங்கும் பள்ளிக்கூடம், அலுவலகம் என்றால் ஓரளவு பயனுண்டு. தூங்கும் அறைக்கு மேல் வேண்டாம்.

எடையையும் பாருங்கள். 10 செ.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 100 கிலோ. 1000 சதுர அடி மாடியில் 9 டன்னுக்கு மேல். நடமாடும் மொட்டை மாடிக்கு நம் விதிநூல் ஒதுக்கும் மேற்பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தினால் அது முடிந்தது; அதற்கு மேல் வடகம் காயவைக்க ஏறும் பாட்டிக்குக்கூடக் கணக்கில் இடமில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. மாடி வடிகுழாயில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டிருந்த வீடுகளில் நீர்க்கூரை தானாகவே அமைந்துவிட்டது.

வெள்ளைப் பூச்சு அல்லது வெளிர் நிறத் தட்டோடு, மேற்குச் சுவருக்கு நிழல், காற்றோட்டம். செலவுக்கேற்ற பலன் இவற்றில்தான் அதிகம். புதுச்சேரியிலேயே 1937 முதல் 1945 வரை கட்டிய கோல்கொண்டே விடுதி, ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது, நீளமான சாய்பலகைகளால் காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்துகிறது. சொட்டுத் தண்ணீர் செலவில்லை.

மாடித் தொட்டி நில அதிர்வில் ஆட்டத்தைக் குறைக்குமா?

2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் மையம் கொண்ட அதிர்வை நினைவு வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. உயர்ந்த கட்டடங்களில் தண்ணீர் இந்த வேலையைச் செய்கிறது. கனடாவின் வான்கூவரில் 2001இல் கட்டி முடித்த 48 மாடி ஒன் வால் சென்டரின் உச்சியில் இரண்டு பெரிய நீர்த்தொட்டிகள் இருக்கின்றன. கட்டடம் காற்றில் ஒரு பக்கம் சாயும்போது தொட்டி நீர் சற்றுத் தாமதித்து எதிர்ப்பக்கம் பாய்ந்து ஆட்டத்தை அடக்குகிறது. தீயணைக்கவும் அதே நீர்.

ஆனால் தண்ணீர் தளும்பும் தாளமும் கட்டடம் ஆடும் தாளமும் ஒன்றாக வேண்டும். 2 மீட்டர் நீளத் தொட்டியில் அரை மீட்டர் தண்ணீர் ஒரு முறை போய்த் திரும்ப 2 நொடி எடுக்கும். 20 மாடிக் கட்டடத்தின் தாளம் ஏறக்குறைய அதுதான். உங்கள் இரண்டு, மூன்று மாடி வீடு ஒரு முறை ஆடி முடிப்பது 0.3 நொடிக்குள். அதற்குப் பொருந்த வேண்டுமானால் தண்ணீரை 7 செ.மீ. அகலத் தட்டுகளில் அடுக்க வேண்டும். வீட்டு மாடித் தொட்டி அதிர்வில் வெறும் தலைச்சுமை. அதைத் தூண் அல்லது உத்திரத்துக்கு நேர் மேலே, உயரம் குறைவாக, நன்றாகப் பிணைத்து வையுங்கள். அவ்வளவு போதும்.

அப்படியானால் நம் ஊருக்கு இதில் என்னதான் பயன்?

உங்கள் வீட்டு சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. முதலில் சொன்ன நான்காவது வேலை, வெறும் எடையாக அழுத்திப் பிடிப்பது, அங்கேதான் நடக்கிறது. கிண்டல் செய்யவில்லை, நீர் நிரப்பிய கட்டுமானம் கடலூரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை மாதிரி கடலை ஒட்டிய பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைக்கு மிக அருகில் வந்துவிடும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு சம்ப் என்று வையுங்கள். சுற்றிலும் நீர் தரைமட்டம்வரை ஏறினால் அது 12 டன் விசையோடு சம்பை மேலே தள்ளும். சுவர், தளம், மூடி எல்லாம் 15 செ.மீ. கான்கிரீட் என்றால் மொத்த எடை சுமார் 10.5 டன். காலியாக இருந்தால், பக்கத்து மண் பிடித்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் சம்ப் மிதக்கும். மிதக்காவிட்டாலும் அடித்தளம் வெடிக்கும். பாதி நிரம்பியிருந்தால் உள்ளே 4 டன் நீர், மொத்தம் 14.5 டன், கவலையில்லை. ஆகவே சம்பைக் கழுவுவதைச் சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் முழுவதும் இறைத்துவிட்டு அப்படியே விட்டுவைக்காதீர்கள். கடற்கரைச் சாலை விடுதிகளின் நீச்சல் குளங்களுக்கும் செப்டிக் டேங்குக்கும் இதே விதிதான்.

இதன் பெரிய வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் நம் மாவட்டத்திலேயே நெய்வேலி இருக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில், கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் அழைக்கும் அடுக்கில் ஊற்றுநீர் சிறைப்பட்டிருக்கிறது. அது மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 6 முதல் 8 கிலோ. சதுர மீட்டருக்கு 60 முதல் 80 டன். மேலே உள்ள மண்ணின் எடை இருக்கும்வரை அது அடங்கியிருந்தது. மண்ணை அகற்றிவிட்டுத் தோண்டினால் சுரங்கத் தரையையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் இரவும் பகலும் ஆழ்குழாய்களால் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். தோல் மெலிந்தால் என்ன நடக்கும் என்ற பாடத்துக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சுற்றுவட்டக் கிணறுகளின் நீர்மட்டம் பற்றிய வழக்குகளும் சண்டைகளும் தனிக்கதை.

வெள்ளத்தை நீர்ப்பைகளால் தடுக்கலாமாமே?

தடுக்கலாம். இதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது என் கருத்து. சாலையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் பிளாஸ்டிக் தடுப்புகளுக்குள் தண்ணீரோ மணலோ ஊற்றி நிறுத்துவது இதன் எளிய வடிவம். வெள்ளத்துக்கு, தடித்த துணிக்கு ரப்பரோ பிளாஸ்டிக்கோ பூசிய நீளப் பைகள். 1 மீட்டர் விட்டம், 10 மீட்டர் நீளம் உள்ள பை ஏறக்குறைய 8000 லிட்டர் பிடிக்கும். நொடிக்கு 10 லிட்டர் தள்ளும் ஆயில் இன்ஜின் ஒன்று அதைக் கால் மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும். தண்ணீருக்கு அலைய வேண்டாம், வெள்ள நீரையே இறைக்கலாம். அதே நீளத்துக்கு நூற்றுக்கணக்கில் மணல் மூட்டை கட்டி, தூக்கி, அடுக்கி, பிறகு அப்புறப்படுத்த வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். தனிப் பை உருண்டுவிடும். இரண்டு பைகளை ஒரே உறைக்குள் வைக்க வேண்டும், அல்லது பைக்குள் குறுக்குத் தடுப்பு வேண்டும். பையின் உயரம் முழுவதற்கும் வெள்ளத்தை நிறுத்த முயலக்கூடாது. முக்கால் உயரம்தான் எல்லை. அடியில் கல், கண்ணாடித்துண்டு இருந்தால் கதை முடிந்தது. ஓடும் ஆற்றில் போடவும் கூடாது. 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரைமீறி வந்தபோது பாய்ந்த வேகத்தின் முன் இந்தப் பைகள் நிற்காது. தெருவுக்குள் மெல்ல ஏறும் நீருக்கு, மருத்துவமனை வாசலுக்கு, மின்மாற்றியைச் சுற்றி வளைக்க இவை நல்லவை.

புயலில் வாழை சாய்கிறதே, பிறகு அதை எப்படி முன்மாதிரியாகக் கொள்வது?

நியாயமான கேள்வி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது வாழை மட்டுமா சாய்ந்தது? முந்திரியும் பலாவும் வேரோடு போயின. வாழை பெரும்பாலும் முறிவதில்லை, மடிகிறது: காற்று தள்ளும் பக்கம் இழுவையில் நார் தாங்க, எதிர்ப்பக்கம் அமுக்கத்தில் செல்கள் நசுங்கி மடிப்பு விழுகிறது. நீர் தட்டுப்பாட்டில் இருக்கும் வாழை இன்னும் எளிதாக மடியும். விவசாயிகள் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்கிறார்கள். புயல் வருமுன் இலைகளைக் கழித்துக் காற்றுப்பிடியைக் குறைக்கிறார்கள். நீர் நிரப்பிய எந்தத் தூணும் வளைவுக்கு இப்படித்தான் பலவீனமானது. வரைபடம் போடுகிறவர்கள் முட்டுக்கொம்பையும் சேர்த்து வரையட்டும்.

எந்தத் தண்ணீரை நிரப்புவது? கொசு வராதா?

இரும்புக்குள் என்றால் உப்புக் கலந்த போர் தண்ணீர் ஆகாது. நல்ல நீரை ஊற்றி முழுக்க மூடிவிட்டால், அதில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் துரு ஏறக்குறைய நின்றுவிடும். அடிக்கடி புதுத் தண்ணீர் மாற்றினால்தான் துரு தொடரும். துரு தடுக்கும் மருந்தும் சேர்க்க வேண்டும். கொசு விஷயத்தில் சமரசமே கிடையாது. டெங்கு பரப்பும் கொசுவுக்கு ஒரு வாரம் தேங்கிய நல்ல தண்ணீர் போதும். திறந்த நீர்க்கூரை வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

செலவு குறையுமா?

குறையாது. தண்ணீர் மலிவு, தோல், வால்வு, பராமரிப்பு மலிவில்லை.

கல்லூரித் திட்டத்துக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை சொல்ல முடியுமா?

இரண்டு சொல்கிறேன். வெள்ளரிக்காயை ஒரே தடிமனில் நீளக் கீற்றுகளாக வெட்டி, பாதியை வெறும் தண்ணீரிலும் பாதியை நன்றாக உப்புக் கரைத்த தண்ணீரிலும் ஒரு மணி நேரம் போடுங்கள். முதலாவது வளைத்தால் படக்கென்று ஒடியும், இரண்டாவது விரலைச் சுற்றி வளையும். இரண்டின் முனையையும் மேசை ஓரத்தில் பிடித்து, எவ்வளவு தொங்குகிறது என்று அளவுகோலால் அளந்து வரைபடம் போடுங்கள். உப்பின் அளவை மாற்றி மாற்றி அளந்தால் திட்ட அறிக்கைக்கு ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும்.

இரண்டாவது, நீளமான பலூனின்மேல் பிளாஸ்டிக் வலைக்குழாயை மாட்டித் தண்ணீர் ஏற்றுவது. வலையை நீளவாக்கில் இழுத்துவிட்டு ஒரு முறை, அகலவாக்கில் விரித்துவிட்டு ஒரு முறை. ஒன்றில் பலூன் குட்டையாகும், மற்றதில் நீளும். வலைக் கண்ணியின் கோணத்தைப் பாகைமானியால் அளந்து, எந்தக் கோணத்தில் இரண்டும் நடக்காமல் நிற்கிறது என்று தேடுங்கள். 54.7 சரியாக வராது, வலை நழுவும். 50க்கும் 60க்கும் நடுவே வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். பலூனை வாளிக்கு மேல் பிடித்துச் செய்யவும், ஆய்வகத் தரையைத் துடைக்கப் போவது நீங்கள்தான்.